சிவப்பியின் காது சம்பந்தமாக

பெறுநர்: மாடுகளுக்கு இலக்கம் கொடுக்கும் அதிகாரம் படைத்த பெரியவர் அவர்கள்

(அமைச்சின் பெயரை எழுதாதது மரியாதைக் குறைவால் அல்ல. ஆட்சி மாறினால் கால்நடையை அவிழ்த்து வேறொரு அமைச்சோடு கட்டுவது வழக்கமாகிவிட்டதால், இந்தக் கடிதம் வந்து சேரும்போது எதோடு கட்டியிருப்பீர்கள் என்று தெரியவில்லை.)

கனம் ஐயா,

வெலிமடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கடைசி லயத்துக்குப் பின்னால் இருக்கும் மாட்டுக் கொட்டிலிலிருந்து எழுதுகிறேன். கொட்டிலில் ஒரு பசு, ஒரு கிடாரிக் கன்று. பசுவின் பெயர் சிவப்பி. எங்கள் கைக்கு வந்த படிவத்தில் இந்தக் கொட்டிலைப் 'பண்ணை' என்று போட்டிருக்கிறது. நாம் பண்ணைக்காரர் ஆகிவிட்டோம் என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். "அப்படியா பண்ணைக்காரரே, இருட்டுறதுக்குள்ள போய் ஒரு கட்டுப் புல்லு அறுத்துட்டு வாங்க" என்றாள்.

மாட்டின் காதில் ஓர் இலக்கம், அந்த இலக்கத்துக்குக் கணினியில் ஒரு பக்கம், மாடு ஈன்றாலும் விற்றாலும் செத்தாலும் இடம் மாறினாலும் உடனே அறிவித்தல் என்ற யோசனைக்கு நான் எதிரி இல்லை. கோமாரி வந்தால் எந்த மாடு எங்கிருந்து வந்தது என்று பார்க்கத்தான் வேண்டும். 2023இல் வடமேல் மாகாணத்தில் தோல் கழலை நோய் பரவி, மாடு ஏற்றி இறக்குவதற்கே தடை போட வேண்டிவந்ததை நாங்களும் கேள்விப்பட்டோம். அதோடு, பதிவு என்பது எங்களுக்குப் புதிதும் இல்லை. 1958இன் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டப்படி சிவப்பிக்கு ஏற்கெனவே வவுச்சர் உண்டு. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் எங்கள் அடையாள அட்டைப் பிரதிகளும் கிடக்கிற அதே பொலித்தீன் பையில்தான் அதுவும் கிடக்கிறது. வீட்டில் தீப்பிடித்தால் முதலில் எடுத்துக்கொண்டு ஓடுகிற பை அது.

ஆகவே நல்ல பிரசையாகப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தது. அது பெரிய காரியமில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கிற மகள் வாசித்துச் சொன்னாள். "பண்ணை அமைந்துள்ள காணியின் உறுதி இலக்கம்" என்றாள். எழுது, இல்லை என்றேன். "இல்லை என்று எழுத இடமில்லை, அப்பா. இலக்கம் எழுதக் கட்டம்தான் இருக்கு."

ஐயா, 2023இல் 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் எங்கள் ஆட்கள் நடந்தே போனது ஞாபகம் இருக்கும். இருநூறு வருடத்தில் நாங்கள் இந்த மலையில் எல்லாவற்றையும் நட்டுவிட்டோம். எங்கள் பெயரில் ஓர் எல்லைக்கல்லைத் தவிர. காணி அரசாங்கத்துடையது. 1992இலிருந்து கம்பனிகள் அதை எடுத்து நடத்துகின்றன. லயம் கம்பனியின் பொறுப்பு. கொட்டில் நிற்கும் இடம் தோட்டத்துத் துரை பார்த்தும் பார்க்காமல் விட்டதால் கொட்டிலாக இருக்கிறது. புது துரை வந்து ஏறிட்டுப் பார்த்தால் அது மறுபடியும் தேயிலை மலையாகிவிடும். 'பண்ணையின் எல்லைகள்' என்ற கட்டத்தில் உள்ளதை எழுதியிருக்கிறேன்: வடக்கே கான், கிழக்கே லயத்துக் கோடி, தெற்கே மாரியம்மன் கோயில், மேற்கே துரையின் மனசு.

அடுத்தது 'பண்ணையின் தபால் விலாசம்'. எங்களுக்கு வருகிற கடிதம் தோட்டத்துக் கந்தோருக்கு வரும். கந்தோரிலிருந்து யாராவது கொண்டுவந்தால் வரும். வங்கிக் கடிதமும் பிள்ளையின் நேர்முகப் பரீட்சைக் கடிதமும் தேதி முடிந்து கைக்குக் கிடைத்த வீடுகள் எங்கள் வரிசையிலேயே உண்டு. வாசலுக்குக் கதவிலக்கம் கிடையாது. இனி மாட்டுக்குக் காதிலக்கம் வருமானால் அது எங்கள் குடும்பத்துக்குக் கிடைக்கிற முதலாவது சரியான விலாசம். கடிதங்களைச் சிவப்பியின் பராமரிப்பில் அனுப்பிவைக்கலாமா என்று தயவுசெய்து அறியத்தரவும்.

மூன்றாவது கட்டம், உரிமையாளர். ஒருவர் பெயருக்குத்தான் இடம் விட்டிருக்கிறீர்கள். சிவப்பியைப் பங்குக்குத்தான் வளர்க்கிறோம். முதல் போட்டவர் மேல் டிவிஷனில் இருக்கும் என் பெரியப்பா; புல்லும் தண்ணியும் பாடும் எங்களுடையது. முதல் கன்று அவருக்கு, அடுத்தது எங்களுக்கு. தோட்டங்களில் காசில்லாதவன் மாடு வைக்கிற வழி இதுதான். இது எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆனால் இதுவரைக்கும் ஒரு பொலிஸ் முறைப்பாடும் வந்ததில்லை. இப்போது ஒரே பெயர் எழுதச் சொன்னதும் பெரியப்பா ராத்திரியிலேயே இறங்கி வந்துவிட்டார். "என் பேரைப் போடு, நான்தானே முதல் போட்டேன்" என்கிறார். போட்டால் அஸ்வெசும உதவிப் பணம் வெட்டுப்படுமோ என்று பெரியம்மாவுக்குப் பயம். ஆகவே "அவன் பேரையே போடு" என்கிறார். உரிமைக்கு அவர், பதிவுக்கு நான் என்று தற்போதைக்கு முடிவாகியிருக்கிறது. வலது காது அவருக்கும் இடது காது எங்களுக்கும் என்று பிரித்துத் தர உங்கள் கணினியில் வழி இருந்தால் குடும்பத்தில் ஒரு சண்டை குறையும்.

நான்காவது, நடமாட்ட அறிக்கை. நேற்றைய அறிக்கையை மாதிரிக்கு இணைக்கிறேன். காலை, பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு முன்: கொட்டிலிலிருந்து பீலிக்கு. பகல்: பீலியிலிருந்து ரோட்டோரப் புல்லுக்கு. பின்னேரம்: முளையைப் பிடுங்கிக்கொண்டு கீழ்க் கிராமத்து முதலாளியின் போஞ்சித் தோட்டத்துக்கு (அனுமதி இல்லாமல்). அந்தி: அங்கிருந்து கொட்டிலுக்கு, ஏச்சுடன். இதையெல்லாம் போனில் ஏற்றச் சொல்கிறார்கள். சிக்னல் கிடைப்பது கோயில் மேட்டில் மட்டும். நான் மேட்டுக்கு ஏறி அறிவிப்பதற்குள் மாடு இன்னோர் இடத்துக்குப் போய்விடுகிறது. அடுத்த முறை அதையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறலாம் என்றால், அதுவே ஒரு நடமாட்டமாகிவிடுமே ஐயா.

இலக்கம் என்றதும் எங்கள் பெரியவர்கள் கொஞ்சம் தயங்குகிறார்கள். அதை அறியாமை என்று எழுதிவிடாதீர்கள், அனுபவம். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து இங்கே ஆள் பிடித்து அனுப்பியபோது, வழியில் தவறிவிடாமல் இருக்க ஒவ்வோர் ஆளுக்கும் தோட்டத்தின் இலக்கம் குத்திய தகர வில்லை கொடுத்தார்கள். திருச்சியில் 1904இல் இதற்கென்று இலங்கைத் தொழில் ஆணையகமே திறந்து, கணக்கு மிக ஒழுங்காக நடந்தது. தோட்டம் மாற வேண்டுமென்றால் கங்காணிக்குப் பட்ட கடனை எழுதிய 'துண்டு' வேண்டும்; துண்டு இல்லாதவனை அடுத்த தோட்டம் எடுக்காது. 1921இல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். உங்கள் நடமாட்ட அனுமதிப் பத்திரத்தை வாசித்துக்காட்டியபோது லயத்துக் கிழவர் ஒருவர், "அட, துண்டு திரும்பி வந்திருக்கு" என்று சிரித்தது அதனால்தான்.

அவ்வளவு நன்றாக இலக்கமிட்டு வைத்திருந்த ஆட்களை 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் என்றது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கடைசி ஆளுக்கும் பிரசாவுரிமை என்ற சட்டம் 2003இல் வந்தது. தகர வில்லைக்கும் அந்தச் சட்டத்துக்கும் இடையில் ஏறக்குறைய நூறு வருடம். சிவப்பிக்கு இந்த வருடம் காதில் இலக்கம் ஏறினால், அதைப் பார்க்க மாட்டு டாக்டர் எந்த வருடம் வருவார் என்று அந்தக் கணக்கில் கூட்டிப் பார்க்கிறேன். எங்கள் மாடுகளின் ஆயுள் அவ்வளவு நீளமில்லை.

டாக்டரைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. மாடு பருவத்துக்கு வந்து ராத்திரியெல்லாம் கத்தும். அந்தப் பருவம் ஒரு நாள்கூட நிற்காது. விடியக்காலையில் கோயில் மேட்டில் ஏறி சினை ஊசிக்குச் சொன்னால், அடுத்த வாரம் வருகிறோம் என்று பதில் வரும். அடுத்த வாரம் மாடு அமைதியாக நின்று புல் தின்னும். மூன்று வாரம் கழித்து மறுபடி கத்தும், மறுபடி மேடு. இப்படியே பால் வற்றி, சினையும் பிடிக்காமல், தீனி மட்டும் தின்று நிற்கிற மாட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளியவர்கள் எங்கள் லயத்தில் இருக்கிறார்கள். அந்த மாடுகளைப் பற்றிய தகவல் உங்கள் கணினிக்கு மிகச் சுத்தமாக வந்து சேரும்: இலக்கம், விற்ற தேதி, விலை.

1970களில் கப்பலேறி கூடலூர்ப் பக்கம் குடியேறிய சித்தப்பாவின் மகன் போனில் தன் மாட்டைக் காட்டினான். காதில் மஞ்சள் தோடு, பன்னிரண்டு இலக்கம். "எனக்கும் ஆதார்ல பன்னிரண்டு, மாட்டுக்கும் பன்னிரண்டு அண்ணே, குடும்பமா ஆயிட்டோம்" என்றான். ஊசி போட வருகிறார்களா என்று கேட்டேன். தடுப்பூசிக்கு வருகிறார்கள் என்றான். பாருங்கள், அங்கே தோட்டோடு ஊசியும் வருகிறது. தோடு கம்பியில் மாட்டிக் காது கிழிந்த கதையும் கூடவே சொன்னான். எங்கள் கொட்டிலும் தகரமும் ஆணியும் பழைய கம்பியும்தான். மழைக்காலத்தில் கிழிந்த காதில் ஈ மொய்த்து முட்டை போட்டால் நாங்கள் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசுவோம். தோட்டைத் தொலைத்ததற்கான தண்டப் பணத்துக்கு எதைக் குழைத்துப் பூசுவது என்று படிவத்தில் இல்லை.

தோடு மாட்டைக் காப்பாற்றும் என்று நம்பியவர்களுக்காக ஒரு பழைய சங்கதி. அவுஸ்திரேலியக் கம்பனி ஒன்றோடு செய்த ஒப்பந்தப்படி 20,000 கறவை மாடுகள் வருவதாக இருந்தது, 5,000 வந்தது. அவுஸ்திரேலியாவில் மாட்டுக்கு இலத்திரனியல் தோடு கட்டாயம். உலகத்திலேயே ஒழுங்கான பதிவு உள்ள மாடுகள். கடன்பட்டு வாங்கிய நம் நாட்டுப் பண்ணைக்காரர்கள் நோயென்றும் சாவென்றும், சொன்ன பால் கிடைக்கவில்லையென்றும் முறையிட்டு ஓய்ந்தார்கள். செத்த மாடு எது என்பதில் மட்டும் ஒருபோதும் சந்தேகம் வந்திருக்காது.

அமெரிக்காக்காரன் 2004இல் எல்லாக் கால்நடைக்கும் இலக்கம் என்று தொடங்கினான். அந்தத் திட்டத்தில், கூட்டமாகவே பிறந்து கூட்டமாகவே லொறி ஏறும் பெரிய கம்பனிக் கோழிக்கும் பன்றிக்கும் கூட்டத்துக்கு ஓர் இலக்கம் போதும். வீட்டுக்காரி வளர்க்கிற நான்கு கோழி நான்கு வழியாகப் போவதால் நான்குக்கும் தனித்தனி இலக்கம். சின்னப் பண்ணைக்காரர்களும், ஆமிஷ் என்கிற பக்திமான்களும் பிடித்த பிடியில் 2010 பெப்ரவரியில் திட்டத்தைக் கைவிட்டார்கள். பிறகு சுருக்கி, 2024 நவம்பரிலிருந்து மாநில எல்லை தாண்டும் சில வகை மாடுகளுக்கு மட்டும் இலத்திரனியல் தோடு என்று முடித்தார்கள். சிவப்பி எல்லை தாண்டுவது போஞ்சித் தோட்டம் வரைக்கும்தான் என்பதை இந்த இடத்தில் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

கணக்கெடுப்பில் உங்கள் ஆர்வம் எங்களுக்குத் தெரியாததல்ல. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கும் மயிலும் எண்ணச் சொன்னீர்கள். நாங்களும் எண்ணினோம். ஐந்து நிமிடத்தில் ஒரே குரங்கு எத்தனை மரம் தாவும் என்பது உங்களுக்கும் தெரியும். அதற்கு முந்தைய மாதம் 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஏறி முழு நாட்டையும் இருட்டாக்கிய குரங்குக்கு இன்றுவரை இலக்கம் கிடையாது. எங்கள் கிழங்கைப் பிடுங்குகிற காட்டுப்பன்றிக்கும் இல்லை. பாலும் எருவும் தந்து, யாருக்கும் கரண்ட் வெட்டாமல் கட்டுத்தறியில் நிற்கிற மாட்டுக்குத்தான் தோடு குத்தும் குறடு வருகிறது.

எரு என்றதும் ஞாபகம் வருகிறது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் தடைசெய்தபோது வெலிமடை உருளைக்கிழங்குக்காரர்கள் எங்கள் கொட்டில் வாசலில் சாக்கோடு நின்றார்கள். அப்போது ஒருவரும் மாட்டின் இலக்கம் கேட்கவில்லை. அன்றைக்குச் சிவப்பியின் பின்பக்கத்துக்கு இருந்த மரியாதையில் பாதியை இன்றைக்கு அதன் காதுக்குக் காட்டினால் போதும்.

படிவத்தை நிரப்பி, நிரப்ப முடியாத கட்டங்களைக் காலியாக விட்டு, மகளின் கையெழுத்தில் இணைத்திருக்கிறேன். உறுதி இலக்கம் கேட்ட கட்டத்துக்கு, எங்களுக்கு உறுதி கிடைத்ததும் அதே நாளில் இலக்கத்தை அறிவிப்பேன்.

இப்படிக்கு,
உரிமைக்குப் பெரியப்பாவாகவும் பதிவுக்கு நானாகவும் உள்ள
சிவப்பியின் பொறுப்பாளன்

பி.கு.: தோடு குத்த ஜீப் வரும் நாளை முன்கூட்டியே சொன்னால் மாட்டைக் கட்டி வைக்கிறேன். ஜீப்பில் ஒரு மாட்டு டாக்டரையும் ஏற்றிக்கொண்டு வரவும். இடம் போதாதென்றால் குறட்டை இறக்கி வைத்துவிட்டு வரலாம். குறடு அடுத்த முறை வரட்டும்.