டிஸ்க் சொன்னால் சரியா?

கேள்வி: உள்ளே இருப்பது ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்று புரோகிராமுக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: அது ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்கும். ஆபரேட்டிங் சிஸ்டம் டிஸ்க்கையே கேட்கும். லினக்ஸில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 'ரொட்டேஷனல்' என்று ஒரு குட்டி ஃபைல் உண்டு. திறந்தால் ஒரே ஓர் எண். 1 என்றால் சுழல்கிற டிஸ்க், 0 என்றால் எஸ்எஸ்டி. விண்டோஸும் இப்படி விசாரித்துத்தான் டீஃப்ராக் செய்வதா, டிரிம் அனுப்புவதா என்று தீர்மானிக்கிறது.

கேள்வி: யுஎஸ்பி பெட்டியில் எஸ்எஸ்டி போட்டு மாட்டினேன். லினக்ஸ் 1 என்கிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அவரை விடுங்கள், பாவம். பல பெட்டிகளில் இருக்கும் யுஎஸ்பி சிப் இந்த விவரத்தை மேலே சொல்வதே இல்லை. 'நான் சுழலவில்லை' என்று யாராவது சொல்லும்வரை லினக்ஸ் சுழல்வதாகவே எடுத்துக்கொள்ளும். ரூட் அனுமதி இருந்தால் நீங்களே அந்த ஃபைலில் 0 எழுதலாம். கழற்றி மாட்டினால் மறுபடி 1. (நிஜ ஹார்டு டிஸ்க்குக்கும் 0 எழுதலாம். கரகர சத்தம் மட்டும் நிற்காது.)

கேள்வி: ஒரே டிஸ்க்குக்கு செக்டர் அளவு 512 என்றும் 4096 என்றும் காட்டுகிறது. எது நிஜம்?

பதில்: 4096தான் நிஜம், 512 ஊருக்காக. 2010ஐ ஒட்டி ஹார்டு டிஸ்க்குகள் 4096 பைட் செக்டருக்கு மாறின. பழைய சாஃப்ட்வேருக்கோ 512 தவிர வேறு கணக்குத் தெரியாது. அதனால் டிஸ்க் வெளியே 512 என்று சொல்லிக்கொண்டு, உள்ளே 4096 பைட்டையும் படித்து, 512ஐ மட்டும் மாற்றி, முழுவதையும் திரும்ப எழுதுகிறது. எழுத்து தாமதமாகாமல் என்ன செய்யும்? இதில் அடிபட்டது விண்டோஸ் எக்ஸ்பி. அது முதல் பார்ட்டிஷனை 63ஆவது செக்டரில் தொடங்கும். ஒரு நிஜ செக்டர் என்பது எட்டு 512 பைட் செக்டர்கள், 63ஐ 8ஆல் மீதியின்றி வகுக்க முடியாது. ஆகவே 4096 பைட் எழுதினாலும் இரண்டு நிஜ செக்டர்களில் கால் வைக்கும். விஸ்டா 1 எம்பியில் தொடங்கிப் பிழைத்தது. லினக்ஸ் 2009இல், 2.6.31 பதிப்பிலிருந்து, இரண்டு எண்களையும் தனித்தனியே காட்டுகிறது. பார்ட்டிஷன் போடும் புரோகிராம்கள் பார்த்து நடந்துகொள்ளலாம்.

கேள்வி: 300 ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ் வாங்கினேன். கம்ப்யூட்டரும் 2 டிபி என்கிறது. நம்பலாமா?

பதில்: கம்ப்யூட்டர் அளந்து பார்க்கவில்லை, பென்டிரைவ் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது. மாப்பிள்ளையே எழுதிக் கொடுத்த ஜாதகம் அது. முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ இதைச் செய்யும், இரண்டும் இலவசம். அதுவரை கல்யாண போட்டோக்களை அதில் போட்டுவிடாதீர்கள்.