லடாக் போய்வந்தவர்

லடாக் போய்வந்தவர் பெரும்பாலும் முப்பதை ஒட்டிய வயதினர்; ஐ.டி. வேலையும், தவணையில் வாங்கிய புல்லட்டும், பெண் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரும் உடையவர். இந்தியாவில் 1955இல் புல்லட் பிறந்தது திருவொற்றியூரில் என்பதால் சென்னையில் இவ்வினம் செழித்து வளர்வதில் வியப்பில்லை. பாவம், சொந்த ஊரில் அந்த வண்டிக்குக் கிடைக்கும் அதிகபட்ச ஏற்றம் கத்திப்பாரா மேம்பாலம்தான்.

பயணக் காலம் ஜூன் முதல் செப்டம்பர் வரை. டி-ஷர்ட்டில் 'சென்னை டு லடாக்' என்று அச்சடித்திருந்தாலும், வண்டி பெட்ரோல் வடிக்கப்பட்டு, சாக்கு சுற்றப்பட்டு, ரயில் பார்சலில் டெல்லி போகும். இவர் விமானத்தில் போவார். இந்தப் பகுதி கதையில் வராது. மணாலியில் ஐந்து வண்ணக் கொடித் தோரணம் வாங்கி ஹேண்டில்பாரில் கட்டிய பிறகே பயணம் முறைப்படி தொடங்கும். 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டதால் ரோதாங் கணவாயில் ஏறாமலேயே அப்பால் போய்விடலாம். சேறும் பனியும் படாமல் போகலாம் என்பதாலேயே இவருக்கு அந்தச் சுரங்கத்தின்மீது கோபம். பர்மிட் எடுத்து ரோதாங் வழியாகவே போவார்.

இங்கே இவருடைய அடிப்படைக் குணத்தைச் சொல்லிவிட வேண்டும். மோசமான வானிலை இவருக்கு இடையூறல்ல, தகுதிச் சான்றிதழ். வெயிலில் கடந்த கணவாய் கணக்கில் சேராது. மணாலிப் பக்கம் பருவமழை கொட்டும். ரோதாங்கைத் தாண்டினால் மழைமறைவுப் பிரதேசம். ஆனாலும் சுமார் 16,000 அடி உயரமுள்ள பாரலாச்சாலா கணவாயில் ஜூலையிலும் பனி விழுவதுண்டு. விழுந்துவிட்டால் இவர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். அது பத்து நிமிடம் நீடிக்கும். அதற்குள் 'வாட்டர்ப்ரூஃப்' கையுறை ஊறிப்போய், விரல்கள் கிளட்சைப் பிடித்திருக்கின்றனவா விட்டுவிட்டனவா என்றே புரியாது. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினால் மூச்சுக்காற்று படிந்து வழி மறையும். ஏற்றினால் பனித்துகள் ஊசிபோல் கன்னத்தில் இறங்கும். எனவே பாதி இறக்கி, இரண்டு துன்பத்தையும் சேர்த்து அனுபவிப்பார். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய ஷூவுக்குள்ளும் தண்ணீர் புகுந்ததும், அம்மா ஊறுகாய் பாட்டிலைச் சுற்றிக் கொடுத்தனுப்பிய ஜவுளிக்கடை கவர்தான் கைகொடுக்கும். காலுக்கொரு கவரைச் சாக்ஸின்மேல் மாட்டி, ரப்பர் பேண்டு போட்டு, ஷூவுக்குள் காலை நுழைத்தால் அன்றைய பொழுது ஓடிவிடும். கவர் இரண்டு இல்லாதவர் எந்தக் காலைக் காப்பாற்றுவது என்று முடிவுசெய்ய வேண்டியிருக்கும்.

சாலையின் குறுக்கே பாயும் ஓடையை அங்கே நாலா என்பார்கள். பனி உருகி வரும் நீர் அது. இரவுக் குளிரில் உருகுவது குறைவதால் விடியற்காலையில் கணுக்காலளவு ஓடுவது, வெயில் ஏறிய பிற்பகலில் முழங்காலைத் தொடும். காலையிலேயே கடந்துவிட வேண்டும் என்பது லாரி ஓட்டுநருக்குத் தெரியும். இவருக்கும் தெரியும், யூடியூபில் பார்த்திருக்கிறார். ஆனால் ட்ரோன் விட்டு, மேகி சாப்பிட்டு, அந்த மேகியையும் படமெடுத்து இவர் வந்துசேர மணி மூன்றாகிவிடும். முதல் கியர், சீரான ஆக்சிலேட்டர், பார்வை எதிர்க்கரையில்: கடக்கும் முறை இவ்வளவே. நட்டநடுவில் இவர் பார்வை ஒரு கல்லின்மேல் விழும். பார்த்த கல்லின்மேலேயே சக்கரமும் ஏறும். இருநூறு கிலோவை நெருங்கும் வண்டியை, சாலை போட பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த கூலித் தொழிலாளர்கள் கம்பூட்ஸோடு இறங்கித் தூக்கி நிறுத்துவார்கள். சீசன் முழுக்க அதே மழையிலும் பனியிலும் கல்லுடைப்பவர்கள் அவர்கள். இவருடைய வீடியோவில் 'லோக்கல் சப்போர்ட்' என்ற பெயரில் மூன்று விநாடி வருவார்கள்.

வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது. லே நகரில் யாராவது போஸ்ட்பெய்டு போனைக் கொடுத்தால்தான் வீட்டுக்குத் தகவல் போகும். "அங்க மழையாப்பா?" என்று அம்மா கேட்டால், "லேசா தூறல்மா" என்பார். அடுத்த அழைப்பு அலுவலக நண்பருக்கு: "ஸ்னோ ஸ்டார்ம் ப்ரோ, உயிர் தப்பிச்சதே பெருசு!" உண்மை இரண்டுக்கும் நடுவில், பெரும்பாலும் அம்மா பக்கமாகவே இருக்கும்.

லே 11,500 அடி. உடம்பு பழக அங்கே இரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். மேலே இருக்கும் கர்துங்லா கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியளவுதான். அதனால் வண்டியும் இவரும் ஒரே சுதியில் இரைப்பார்கள். அங்கே உயரம் எழுதிய பலகையோடு எடுத்த படம் ஊருக்கு வந்ததும் சட்டமிடப்பட்டு ஹாலில் ஏறும். பல ஆண்டுகளாக 18,380 அடி என்று பெருமையடித்த கர்துங்லாவின் உயரம், ஜி.பி.எஸ். அளவீட்டின்படி சுமார் 17,582 அடிதான். 19,024 அடி உயரத்தில் போகும் உம்லிங்லா சாலை 2021இல் கின்னஸில் இடம்பிடித்துவிட்டது. படத்தைக் காட்டும்போது இந்த விவரத்தை மட்டும் சொல்லிவிடாதீர்கள். மறுநாளே லீவுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்.