கன்னியர் மடமும் சமூக நீதியும்

கேள்வி: மயிலாப்பூர் பக்கத்தில் பெரிய கல்லூரி நடத்தும் கன்னியாஸ்திரிகளுக்குச் சமூக நீதி பேசத் தகுதி உண்டா?
– வாசகி, மந்தைவெளி

பதில்: உண்டு. ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியை நடத்தும் பிரான்சிஸ்கன் சகோதரிகளின் சபை, பிரெஞ்சுத் துறவி ஒருவரால் 1877-இல் நம் ஊட்டியில் தொடங்கப்பட்டது. நாடு விடுதலை பெற்ற 1947 ஆகஸ்ட் 15 அன்றே சாந்தோமில் 32 மாணவிகளோடு கல்லூரியையும் தொடங்கினார்கள். பெண்ணுக்குப் பட்டப்படிப்பு அரிதாக இருந்த காலத்தில் அதுவே ஒரு நீதிச்செயல்.

'அது வசதியானவர்களின் கல்லூரி ஆயிற்றே?' என்பீர்கள். நியாயமான கேள்வி. கட்டடம் எந்தச் சாலையில் நிற்கிறது என்பதைவிட, அதற்குள் யாருக்கு இடம் கிடைக்கிறது, அதைப் பெருக்கும் அம்மாவுக்கு என்ன சம்பளம் என்பதே உரைகல். இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. நீதியைப் பற்றிப் பேசத் துணிபவர் முதலில் நீதியாக நடக்க வேண்டும், திருச்சபையின் ஊழியருக்குப் போதிய ஊதியம் வேண்டும் என்று 1971-இல் ரோமில் கூடிய ஆயர் மாமன்றமே சொல்லியிருக்கிறது.

'ஏழைக்குச் சோறு போட்டால் போதாதா?' என்பது அடுத்த கேள்வி. போதாது. பசித்தவருக்குச் சோறு போடுவது தர்மம். அவர் ஏன் பசித்திருக்கிறார் என்று கேட்பது நீதி. தர்மத்துக்குச் சால்வை கிடைக்கும், நீதிக்குச் சம்மன் வரும். திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்டில் விசாரணைக் கைதிகளான ஆதிவாசிகளுக்காக வாதாடிய இயேசு சபைத் துறவி ஸ்டான் சுவாமி 2020-இல் கைதானார். 2021-இல், 84 வயதில், காவலில் இருக்கும்போதே இறந்தார். நீதி கேட்கும் திருச்சபை தன் வீட்டுக்குள்ளும் அதையே கேட்க வேண்டும். தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதி உரிமையை மறுக்கும் 1950-ஆம் ஆண்டு ஆணையைத் திருச்சபை எதிர்ப்பது சரியே. தன் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளைப் பிரித்து வைக்கும் சாதிச் சுவரை இடித்துவிட்டு எதிர்த்தால், அந்தக் குரலுக்கு வலு இரட்டிப்பாகும்.