பின் டோரில் விழுந்த பள்ளம்: வாசகர் கேள்வி – பதில்

திற்பரப்பு, குலசேகரம், களியல், அருமனை என்று ரப்பர் தோட்டத்துப் பக்கமிருந்து பிக்கப் ஓட்டுநர்கள் அனுப்பிய கேள்விகள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஒரே வலி. அதனால் இந்த முறை சினிமாவுக்கும் அரசியலுக்கும் விடுமுறை.

கேள்வி: அண்ணே, வீட்டு வார்ப்புக்கு மிக்ஸர் மிஷினைப் பின்னால் மாட்டி இழுத்துக்கிட்டுப் போறேன். போன இடத்தில் சிமெண்டு இறக்க டோரைத் திறந்தா, டமார்னு கொக்கியில் விழுந்து நெளியுது. டோர் தகடு மோசமா, கொக்கி மோசமா?
– பிக்கப் ஓட்டுநர், திற்பரப்பு

பதில்: தகடும் நல்லது, கொக்கியும் நல்லது. இரண்டுக்கும் ஒரே இடத்தில் வேலை கொடுத்ததுதான் கோளாறு. நம் பக்கம் ஓடும் சரக்கு பிக்கப்புகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின் டோரின் கீல் அடியில் இருக்கிறது. இரண்டு பக்கக் கொண்டியையும் தட்டிவிட்டால் டோர் அரைவட்டம் சுற்றி, தளத்துக்குக் கீழே தலைகீழாகத் தொங்கும். கொக்கியும் அங்கேதான் நட்டநடுவில் நீட்டிக்கொண்டிருக்கிறது. அப்படிச் சுற்றும்போது கொக்கியில் மோதுவது டோரின் வெளிப்பக்கம். அதாவது நீங்கள் ஆசையாகப் பிள்ளைகள் பெயரை எழுதிவைத்த பக்கம்!

டோரின் இரு ஓரத்திலும் ஒரே நீளத்தில் சங்கிலி போட்டு, டோர் மட்டமாக நின்றுவிடும்படி செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் சங்கிலி போட்டால் டோர் முறுக்கிக்கொள்ளும், கீல் போய்விடும். மட்டமாக நிற்கும் டோரை இறங்குபலகை ஆக்கவும் கூடாது. சிமெண்டு மூட்டை 50 கிலோ, சுமப்பவர் ஒரு 70 கிலோ. அந்த 120 கிலோவும் இரண்டு கீலிலும் இரண்டு சங்கிலியிலும்தான் தொங்கும். டோரை முழுதாகத் தொங்கவிட்டே தீர வேண்டிய சரக்கென்றால், முதலில் மிஷினைக் கழற்றுங்கள், பிறகு கொக்கியைக் கழற்றுங்கள், கடைசியில் கொண்டியைத் தொடுங்கள்.

கேள்வி: என் டோருக்குச் சங்கிலி உண்டு, மட்டமாகத்தான் நிற்கும். ஆனாலும் ஜெனரேட்டர் டிரெய்லரின் ஜாக் கைப்பிடி டோரில் இடிக்கிறது. இடிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?
– திருவிழா லைட் செட் உரிமையாளர், குலசேகரம்

பதில்: உண்டு. ஒரு சாக்குநூல் போதும். டோர் மூடியிருக்கும்போது கீலிலிருந்து டோரின் மேல் விளிம்பு வரை நூலைப் பிடித்து, அந்த நீளத்துக்கு வெட்டுங்கள். டிரெய்லரை மாட்டிய பிறகு, டோரைத் திறக்காமல், நூலின் ஒரு நுனியைக் கீலில் அழுத்திக்கொண்டு மறு நுனியை விறைப்பாகப் பிடித்து, மேலிருந்து பின்பக்கமாக இறக்குங்கள். நூல் எங்கே தட்டுகிறதோ அங்கே டோரும் தட்டும். இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடத்திலும் பாருங்கள். ஜாக் நடுவில் இருந்தாலும் அதன் கைப்பிடி ஒரு பக்கமாகத்தான் நீட்டிக்கொண்டிருக்கும்.

தட்டுகிறதென்றால் வழிகள் உண்டு. மாட்டி முடித்ததும் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிடலாம். தலையில் சுற்றும் ஜாக்கை மாற்றி, பக்கவாட்டில் சுற்றும் ஜாக் போடலாம். மாட்டியபின் படுக்கவாட்டில் மடங்கிக்கொள்ளும் ஜாக்கும் இருக்கிறது. இழுதண்டில் ஜாக்கைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பொருத்துவது எல்லாவற்றிலும் நல்லது. ஆனால் அதற்காகத் தண்டில் கண்ட இடத்தில் ஓட்டை போட விடாதீர்கள். டிரெய்லர் வேலை தெரிந்த பட்டறையில் பட்டை வைத்துப் போல்ட் போடச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டு முற்றத்தில் அளந்து பார்த்தேன், நாலு விரல் இடைவெளி இருந்தது. தோட்டத்துக்குள் போனதும் இடித்துவிட்டது. முற்றம் பொய் சொல்லுமா?
– ரப்பர் தோட்டக்காரர், களியல்

பதில்: முற்றம் உண்மையைத்தான் சொன்னது, ஆனால் முற்றத்தைப் பற்றி மட்டும். நம் திற்பரப்புப் பக்கம் சமதளம் என்பது கோயில் முற்றத்திலும் பள்ளிக்கூட மைதானத்திலும்தான் கிடைக்கும். மற்றதெல்லாம் ஏற்றமும் இறக்கமும்தான்.

தோட்டத்து மண்பாதையிலிருந்து ரோட்டுக்கு ஏறும் இடத்தை நினைத்துப் பாருங்கள். பிக்கப்பின் மூக்கு மேலே தூக்கிவிட்டது, டிரெய்லர் இன்னும் கீழே நிற்கிறது. அப்போது இரண்டின் தலைப்பக்கமும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்கின்றன. கொக்கியிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் ஜாக்கின் தலை இருக்கிறது, சாய்வு 10 பாகை என்று வைத்துக்கொள்வோம். ஜாக்கின் தலை சுமார் 10 செ.மீ. டோரை நோக்கி முன்னே வந்துவிடும். உங்கள் நாலு விரல் அதில் போய்விட்டது. மேட்டின் உச்சியில் இதற்கு நேர்மாறு. அங்கே தலைகள் விலகும், அடிப்பக்கம் நெருங்கும், ஜாக்கின் கால் தரையில் உரசும். அதனால்தான் ஜாக்கை முழுதாக மேலே சுற்றாமல் கிளம்பக் கூடாது என்கிறோம்.

வளைவு இன்னொரு கதை. ரிவர்ஸில் ஒடித்துத் திருப்பும்போது பிக்கப்பின் பின்மூலையும் டிரெய்லரின் முன்மூலையும் சந்தித்துக்கொள்ளும். டோர் திறந்து மட்டமாக நின்றால் அதன் மூலைதான் முதல் பலி. ஆகவே டோரைத் திறந்துபோட்டு டிரெய்லரோடு பத்தடிகூட நகர்த்தாதீர்கள். ‘இந்தா, அந்தப் பிலா மூடு வரைக்கும்தானே’ என்று நகர்த்திய வண்டிகளைத்தான் டிங்கரிங் பட்டறையில் பார்க்கிறோம்.

கேள்வி: கொக்கியையே ஒரு அடி நீட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்ததுதானே?
– வெல்டிங் பட்டறைத் தம்பி, அருமனை

பதில்: தம்பி, டோர் தப்பிக்கும், ஸ்டியரிங் மாட்டிக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பார். கொக்கியில் டிரெய்லர் அழுத்தும் எடை 80 கிலோ. பின் அச்சிலிருந்து கொக்கி 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர். இந்த நிலையில் முன் சக்கரங்களிலிருந்து 32 கிலோ தூக்கிவிடப்படுகிறது. கொக்கியை 30 செ.மீ. நீட்டினால் அது 40 கிலோ ஆகிறது. பின்னால் சரக்கும் ஏற்றி, மழையில் நனைந்த ஏற்றத்தில் வளைக்கும்போது முன் சக்கரம் பிடிமானம் இல்லாமல் வழுக்கும். நீட்டிய இரும்பு ஒவ்வொரு குழியிலும் மேலும் கீழும் ஆடி, பற்றவைத்த இடத்தில் கீறல் விடும் என்பது உனக்கே தெரியும். ஜாக்கை நகர்த்து, கொக்கியை நீட்டாதே.

கேள்வி: ரப்பர் விளையும் ஊரில் ரப்பருக்கா பஞ்சம்? வீட்டில் காயவைத்த ஷீட்டை மடித்துக் கொக்கியில் கட்டிவிட்டால் டோர் தப்பிக்காதா?
– பால்வெட்டுத் தொழிலாளி, திற்பரப்பு

பதில்: யோசனை அருமை, பொருள்தான் மாற வேண்டும். ஷீட்டும் ஒட்டுப்பாலும் பச்சை ரப்பர். வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைக்கும், அடி வாங்கினால் பழைய வடிவத்துக்குத் திரும்பாது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் ரப்பர் பதப்படும் என்பதை 1839-இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்தார். அப்படிப் பதப்பட்ட ரப்பர்தான் டயர். உங்கள் பாலே ஊர் சுற்றி டயராகி, தேய்ந்து, பஞ்சர் கடை வாசலில் கிடக்கிறது. அதில் ஒரு துண்டு வாங்குங்கள். பழைய லாரி டயரின் பக்கச்சுவர் வளைக்க எளிது. கொக்கியின் மேல் சுற்றி, இரண்டு போல்ட் போட்டு இறுக்குங்கள். போல்ட்டின் தலை ரப்பருக்குள் அமுங்கியிருக்க வேண்டும். வெளியே துருத்தினால் பள்ளத்துக்குப் பதில் ஓட்டைதான் விழும்.

ஷீட்டை விற்றுக் காசாக்குங்கள், அதற்காகத்தானே விடியுமுன் எழுந்து வெட்டுகிறீர்கள்!

கேள்வி: கொக்கியைத் தினமும் கழற்றி மாட்டுவது தொல்லை இல்லையா?
– சோம்பலுக்குப் பெயர்போனவர், திருவட்டாறு

பதில்: ஒரு பின், ஒரு கிளிப், அரை நிமிடம். கழற்றாத கொக்கி டோரை மட்டும் இடிப்பதில்லை. இருட்டில் வண்டியைச் சுற்றி வருபவரின் முழங்காலை இடிக்கும், நெருக்கடியில் பின்னால் வரும் பைக்கின் முன்சக்கரத்தை இடிக்கும். கழற்றி சீட்டுக்கு அடியில் போடுங்கள். பின்னும் கிளிப்பும் கொக்கியோடேயே கம்பியில் கட்டி இருக்கட்டும்.

கேள்வி: ஏற்கெனவே விழுந்த பள்ளத்தை என்ன செய்ய?
– அதே சோம்பல்காரர்

பதில்: இதில் மட்டும் சோம்பல் ஆகாது. கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. பெயிண்ட் வெடித்த மடிப்பில் ஈரம் நின்றால் துரு உள்ளேயிருந்து தின்னும். தட்டி நிமிர்த்தி, தகடு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, பிறகு பெயிண்ட் அடியுங்கள். துருவின் மேல் பட்டி பூசி மறைத்தால் அது அடுத்த மழையில் பொக்காகப் பெயர்ந்து வரும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மருமகன், அங்கே இந்தத் தொல்லையே கிடையாது என்கிறான். நிஜமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பொன்மனை

பதில்: மருமகனிடம் ஜிஎம்சி சியராவைப் பற்றிக் கேளுங்கள். 2019 மாடலில் அந்த பிக்கப்புக்கு ஒரு புதுமையான பின்கதவு வந்தது. கதவுக்குள் இன்னொரு கதவு, அதை மடித்தால் படி என்று பல விதமாகத் திறக்கும். டிரெய்லர் கொக்கியை மாட்டி வைத்துவிட்டு உள்கதவை இறக்கினால் அது நேராகக் கொக்கியின் உருண்டையில் போய் இடிக்கும். கொக்கியைக் கழற்றிவிட்டுத் திற என்பதுதான் அங்கும் அறிவுரை. திற்பரப்புக்குச் சொன்னதே அங்கும் செல்லுபடியாகிறது பாருங்கள்.

கேள்வி: டோரைத் தொங்கவிட்டுக்கொண்டு நீளக் கம்பி ஏற்றிப்போகிறார் என் வீட்டுக்காரர். சொன்னால் கேட்பதில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.
– ஓட்டுநரின் மனைவி, கடையாலுமூடு

பதில்: சொல்கிறேன் அக்கா, தொகையோடு சொல்கிறேன். வண்டிக்கு வெளியே சரக்கு நீட்டிக்கொண்டு போனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1அ) பிரிவில் அபராதம் 20,000 ரூபாய். சரக்கை இறக்கும் செலவும் அவர் தலையில்தான். தொங்கும் டோர் பல வண்டிகளில் பின்விளக்கையும் நம்பர் பிளேட்டையும் மறைத்துவிடும். பின்னால் வருபவருக்கு பிரேக் விளக்கு தெரியாமல் போவது அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து.

டிரெய்லர் இழுப்பவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான், அதற்கும் தனிப் பதிவு வேண்டும். உங்கள் பிக்கப்பில் கொக்கி வைக்கலாமா, எவ்வளவு எடை இழுக்கலாம் என்பதை மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். பட்டறைக்குப் போய்விட்டு அங்கே போகாதீர்கள்.

கேள்வி: சிவாலய ஓட்டத்துக்கு எங்கள் இளைஞர் குழு மோரும் தண்ணீரும் கொடுக்கிறது. பிக்கப்பின் டோரைத் திறந்து மேசைபோல வைத்து, பின்னால் ஜெனரேட்டரையும் மாட்டி நிற்போம். என்ன கவனிக்க வேண்டும்?
– இளைஞர் குழு, திற்பரப்பு

பதில்: நல்ல காரியம். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம்வரை 12 சிவாலயங்கள் ஓடுகிறவர்களுக்கு நம் திற்பரப்பு மகாதேவர் கோயில் மூன்றாவது. இங்கிருந்து திருநந்திக்கரைக்கு ஓட வேண்டும். அந்த நேரத்தில் ஒரு தம்ளர் மோர் எவ்வளவு பெரிது என்று ஓடியவர்களுக்குத் தெரியும்.

இடத்துக்கு வந்ததும் ஜெனரேட்டரைக் கழற்றித் தள்ளி நிறுத்துங்கள். இரண்டு சக்கரத்துக்கும் கட்டை வையுங்கள். புகை கூட்டத்தின் பக்கம் அடிக்கக் கூடாது. கொக்கியைக் கழற்றிவிட்டு, சங்கிலியைப் பார்த்து, இருவர் பிடித்து டோரை இறக்குங்கள். அண்டாவை டோரின் மேல் வைக்காமல் தளத்துக்குள் வையுங்கள், டோரில் தம்ளர்கள் மட்டும் இருக்கட்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். திரும்ப மாட்டும்போது, ‘வா வா, இன்னும் வா’ என்று கைகாட்ட ஒரு பையனை டிரெய்லருக்கும் டோருக்கும் நடுவில் நிறுத்தும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். கைகாட்டுபவர் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியும்படி பக்கவாட்டில் நிற்கட்டும். அவர் கண்ணாடியில் மறைந்த நொடியே வண்டி நிற்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்த பிறகுதான் பின் போட ஒருவர் உள்ளே போகலாம். ஓட்டம் நடக்கும் மகா சிவராத்திரிக்கு முன்பே குழுவில் எல்லோருக்கும் ஒருமுறை செய்து காட்டுங்கள்.