மருமவனே, நீ ஓட்டவா போற?

வா மருமவனே, உக்காரு. கையில என்ன, கொட்டேஷன் பேப்பரா? டியூக் 200-ஆ? நல்லாருக்கு. லோனுக்கு ஜாமீன் கையெழுத்து வேணும்னதும் மாமன் ஞாபகம் வந்துட்டுதாக்கும். போடுதேன், போடாம எங்க போவேன்? கண்ணாடியத் தேடணும். அதுவரைக்கும் நான் கேக்கதுக்குப் பதில் சொல்லு.

மாட்டுச் சந்தையில தரகன் மொத என்ன கேப்பான்? “உழவுக்கா, பாரத்துக்கா, ரேக்ளாவுக்கா?”ம்பான். உனக்கு வண்டி காட்டினவன் என்ன கேட்டான்? “செவப்பா, கறுப்பா?”ன்னுதானே? அதான் பாத்தேன்.

தினம் எங்க போற? கோவில்பட்டிக்கு வேலைக்கு. வழியில பாதி குண்டுங்குழி, பாதி வேகத்தடை, மிச்சம் ஆட்டுமந்தை. சரி, அந்தப் பேப்பரக் குடு. 25 குதிரையாம்! எப்போ? எஞ்சின் நிமிசத்துக்கு 10,000 சுத்து சுத்தும்போது. உங்க அண்ணன் புல்லட் 350 வாங்கினப்பவும் பேப்பரப் பாத்தவன்தான் நான். அதுக்கு 20 குதிரைதான். ஆனா டார்க்குன்னு சொல்லுதானுவளே, இழுவை, அது 27. 4,000 சுத்துலயே முழுசும் வந்துரும். உன்னோடதுக்கு 19 சொச்சம். அதுக்கும் 8,000 சுத்து முறுக்கணும். விளங்குதா? அது பாரம் இழுக்க மாடு, இது ரேக்ளா காளை. ரேக்ளா காளைய ஆட்டுமந்தைக்குப் பின்னால நடத்திப் பாரு. அதுக்கும் கோவம், உனக்கும் கோவம். சாயங்காலம் கிளட்ச் புடிச்ச கைக்கு உங்க அம்மா தைலம் தேய்ப்பா.

உடனே புல்லட்டுக்குத் தாவாத. அது 195 கிலோ. ஓடும்போது தெரியாது, நின்னா தெரியும். நானும் வயசுல ஒரு கனத்த வண்டி வாங்கினேன். பேரு வேண்டாம். தப்பு வண்டி மேல இல்ல, என் கால் மேல. பெருவிரல் நுனிதான் தரையில பட்டுது. தேரோட்டத்தன்னிக்கு, சனம் பூரா பாக்க, வண்டிய நிறுத்தி மீசைய முறுக்குதேன். இடது பக்கம் ஒரு சின்னப் பள்ளம். வண்டி மெதுவா, மரியாதையா, என்னையும் கூட்டிட்டுச் சாஞ்சுட்டு. தேர் வடம் புடிச்ச நாலு பேரு வந்து தூக்கினானுவ. உங்க அத்தையப் பொண்ணு பாக்கப் போனப்ப அவ கேட்ட மொதக் கேள்வி, “நீங்கதானே அது?”

அதனால ரூவா கட்டுமுன்ன மொத ஏறி உக்காரு, ரெண்டு பாதமும் தரையில ஊணுதான்னு பாரு. இறங்கி, சரிவுல பின்னால தள்ளு. நம்ம தெரு அகலத்துல ஒரே வளைவுல திருப்பு. கைப்பிடி தாழ்ந்து, கால் வைக்கிற இடம் பின்னால தள்ளியிருந்தா உடம்புப் பாரம் மணிக்கட்டுல எறங்கும். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு, அங்க அது சொகம். தினம் பல்ல வெளக்குற மாதிரி ஒரே ரோட்டுல போறவனுக்கு நிமிந்து உக்காருற ஸ்பிளெண்டர் போதும். 100 சிசி, 112 கிலோ, எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணக் கட்டிட்டுப் பிரிப்பான். கடைசியா, உங்க அம்மாவ அந்தப் பின் சீட்டுல ஏத்து. சீலை கட்டினவ ஒரு பக்கமா உக்காந்து ஊர் எல்லை வரைக்கும் வாயத் தொறக்காம வந்தா வண்டி பாஸு.

என்ன, மொகம் சுருங்குது? ஆர்எக்ஸ் 100-ஆ? 1985-ல வந்து 1996-ல நின்ன வண்டிடா. 98 சிசிக்குள்ள 11 குதிரை, நெசம்தான். சத்தம் கணீர்னு இருக்கும். இப்போ பாகம் தேடி நீ அலையற தூரத்தையும் மைலேஜுல சேத்துக்கோ.

நெசத்தச் சொல்லுலே. போன வாரம் இரவல் வண்டிய டீக்கடை முன்னால நிறுத்தி, அதுமேல சாஞ்சு முக்கா மணி நேரம் நின்னியாமே. எதுத்தாப்புல டைப்ரைட்டிங் வகுப்பு விடுற நேரமாமே. அப்போ நீ ஓட்டுற வகை இல்ல, சாயுற வகை. அதுக்கு எஞ்சினே வேண்டாம். பழைய டேங்க், நல்ல சீட்டு, வலுவான ஸ்டாண்டு. ஜாமீனும் தேவையில்ல.

கோவிக்காத. இந்தா என் எக்ஸெல் சாவி. 90 கிலோ தேறாது. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, பருத்திக்கொட்டை மூட்டை ஏத்தி ஒரு வாரம் வேலைக்குப் போயிட்டு வா. ஞாயித்துக்கிழமை வந்து இடுப்பு வலிக்குதா, கை வலிக்குதா, இல்ல மனசுதான் வலிக்குதான்னு சொல்லு. வலிக்கிற இடத்தக் கேட்டுட்டு, அதுக்குத் தக்க வண்டிக்குக் கையெழுத்துப் போடுதேன்.

மூட்டை எதுக்கா? என் மாட்டுக்குத்தான். பெட்ரோல் நீ ஊத்திக்கோ. அட, கண்ணாடி நெத்தியிலயே இருந்துருக்கு பாரு!