சங்கர், கணேஷ், சின்னம்மா

டிக்கோயாவுக்கும் நோர்வூட்டுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் தோட்டத்தில், எண்பதுகளில், சாமி இல்லை என்று சொல்லிக்கொண்டு ஒருவன் நிம்மதியாகக் காலம் தள்ளலாம். இளையராஜா இல்லை என்று சொல்லிக்கொண்டு தள்ள முடியாது. 1976இல் 'அன்னக்கிளி' வந்ததிலிருந்து லயத்துக்கு லயம் அதுதான் மதம். தொழிற்சங்கம் என்று வந்தால் ஒரே காம்பராவில் மூன்று கட்சி இருக்கும். சந்தா யாருக்கு என்ற சண்டையில் அண்ணனும் தம்பியும் வருடக்கணக்கில் முகம் பார்க்க மாட்டார்கள். ராஜா பாட்டுக்கு மட்டும் எல்லாத் தலைவர்மாரும் ஒரே பக்கமாகத் தலையாட்டுவார்கள்.

அந்தத் தோட்டத்தில் என் தாய்மாமன் ஒருத்தர் மட்டும் சங்கர்-கணேஷ் ரசிகர்.

ரசிகர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மாமா நடத்தியது வழக்கு. காலையில் பிரட்டுக்களத்தில் பேர் கொடுக்க நிற்கும்போதே வாதத்தைத் தொடங்கிவிடுவார். "ராஜா தனி ஆளு. இவங்க ரெண்டு பேரு. ஒரு மலைக்கு ஒராள அனுப்புனா வேல கூட நடக்குமா, ரெண்டாள அனுப்புனா கூட நடக்குமா?"

கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே பதில் சொன்னார்: "ஒராள அனுப்புனாத்தான். ரெண்டாள அனுப்புனா ஒருத்தன் கத சொல்லுவான், மத்தவன் கேப்பான்."

இந்த இருவரில் யார் சங்கர், யார் கணேஷ், யார் எந்த வேலையைப் பார்க்கிறார் என்பது லயத்தில் கடைசிவரை தீராத ஐயம். சினிமாப் பத்திரிகைகளில் மினுமினுக்கும் உடையோடு மேடையில் நிற்கிற படங்கள் வரும். அவற்றைப் பார்த்துவிட்டு ராஜா கட்சிக்காரர் ஒருவர் தீர்ப்பு எழுதினார்: "ஒருத்தரு மெட்டுப் போடுவாரு, மத்தவரு சட்டை போடுவாரு." மாமா அவரிடம் ஒரு தீபாவளி முழுக்கப் பேசவில்லை. பலகாரத் தட்டை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பினார்.

மாமாவின் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. மெல்லிசை மன்னர்களிடம் உதவியாளர்களாக இருந்து, கண்ணதாசனும் சின்னப்பா தேவரும் கைதூக்கிவிட, 1967இல் 'மகராசி'யில் தொடங்கியவர்கள் இவர்கள். 1972இல் எம்.ஜி.ஆருக்கே 'நான் ஏன் பிறந்தேன்', 'இதய வீணை' என்று இரண்டு படம். 1977இல் 'ஆட்டுக்கார அலமேலு'. அதில் ஆட்டுக்கும் பெரிய வேஷம். 1979இல் 'கன்னிப் பருவத்திலே', 1981இல் 'பாலைவனச் சோலை', 'சட்டம் ஒரு இருட்டறை', 1983இல் ரஜினிக்கு 'தாய் வீடு'. இந்தப் பட்டியலை மாமா ஒரே மூச்சில் சொல்வார். நடுவில் யாராவது தும்மினால் மறுபடியும் 'மகராசி'யில் இருந்து தொடங்குவார் என்பதால், மழைக்காலத்தில் அவரிடம் யாரும் வாதத்துக்குப் போவதில்லை.

1986இல் 'சம்சாரம் அது மின்சாரம்' வந்தபோது ஹட்டன் டவுனில் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு வந்தவரிடம், படம் எப்படி என்று கேட்டார்கள். "மொதப் பாதி நம்ம லயத்துல இருக்கு. ரெண்டாம் பாதிக்கு எழுதிக் குடுத்திருக்கோம்" என்றார். எங்கள் லயத்துக்கு அப்போது கரண்ட் வரவில்லை.

கரண்ட் இல்லாத மனிதரை மயக்கியது கரண்டில் பிறந்த சத்தம் என்பதுதான் இதில் வேடிக்கை. மெட்டு, வரி, ராகம் எல்லாம் மாமாவுக்கு இரண்டாம்பட்சம். பாட்டின் நடுவே கீபோர்டிலிருந்து திடீரென்று ஒரு சத்தம் கிளம்பும் பாருங்கள், புல்லாங்குழலும் இல்லாமல் வயலினும் இல்லாமல், தண்ணிக்குழாயில் காற்றுப் புகுந்த மாதிரி ஒன்று. அதற்குத்தான் அவர் கண்ணை மூடுவார். "இது எந்த வாத்தியம்னு சொல்லு பாப்போம்" என்பார். யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. அதுதான் அவர் கட்சியின் பலம்.

'நீயா?' வந்த காலத்தில் இது உச்சத்துக்குப் போனது. பாம்புப் படம், கமல் வேறு. 1976இல் வந்த ஹிந்தி 'நாகின்' கதைதான் அது. கதையோடு ஒரு மெட்டும் எல்லை தாண்டி வந்துவிட்டது. அங்கே போட்டவர்கள் லக்ஷ்மிகாந்த்-பியாரேலால். ராஜா கட்சிக்கு இதைவிடக் கொழுத்த சாட்சி கிடைக்குமா? 'பாலைவனச் சோலை'யில் வாணி ஜெயராம் பாடிய 'மேகமே மேகமே'க்கும் மூலம் ஜக்ஜித் சிங்கின் கஸல் என்று எவரோ டவுனிலிருந்து துப்புக் கொண்டுவந்தார்கள். மாமா அசையவில்லை. "தனி ஆளு எடுத்தா களவு. ரெண்டு பேருகிட்ட ரெண்டு பேரு வாங்குனா அது கொடுக்கல் வாங்கல்." ஜக்ஜித் சிங் ஒராள்தானே என்று கேட்டதற்கு, அவரும் சம்சாரத்தோடு சேர்ந்து பாடுகிறவர்தான் என்று எங்கிருந்தோ ஒரு தகவலை எடுத்துப் போட்டார். உண்மையும்கூட.

இதற்கெல்லாம் முந்திய சங்கதி ஒன்று மாமாவுக்குத் தெரியாது; தெரிந்திருந்தால் தோட்டம் தாங்கியிருக்காது. 1954இல் ஹேமந்த் குமார் இசையில் வேறொரு 'நாகின்' வந்தது. இந்தியா முழுக்கப் பாம்பாட விட்ட அந்தப் படத்து மகுடி, மகுடியே இல்லை. கிளாவியோலின் என்று ஒரு மின்சாரக் கீபோர்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவர் உண்டாக்கியது. அதை வாசித்தவர் கல்யாண்ஜி. பிற்பாடு அவரும் தம்பி ஆனந்த்ஜியைச் சேர்த்துக்கொண்டு இரட்டையரானார். ஆக, இந்திய சினிமாவில் ஒரு பாம்பு படமெடுக்க வேண்டுமானால் ஒரு மின்சாரப் பெட்டியும், இன்றோ நாளையோ ஜோடி சேரப்போகிற ஓர் ஆளும் வேண்டும்.

எங்கள் மலையில் பாம்பைவிடப் பெரிய பயம் குளவி. கொழுந்து எடுக்கும்போது கூடு கலைந்தால் உயிர்கூடப் போகும். ஒருமுறை கோயில் திருவிழாவுக்கு முதல்நாள், லவுட்ஸ்பீக்கரைச் சரிபார்க்கிறேன் என்று மாமா கூம்புக் குழாயை மலைப்பக்கம் திருப்பி, தனக்குப் பிடித்த அந்த இடைச்சத்தத்தை முழு வேகத்தில் விட்டார். முதலில் மெல்லிய ரீங்காரம். பிறகு ஏறிக்கொண்டே போகும். மலையில் நிரையில் நின்ற பெண்கள் "குளவி! குளவி!" என்று கத்திக்கொண்டு கூடையைக் கவிழ்த்துவிட்டு, இடுப்புப் படங்கை அவிழ்த்துத் தலையில் போர்த்தி, வாதுகளுக்கடியில் படுத்துவிட்டார்கள். கங்காணி முதலில் ஓடினார், அதற்குப் பிறகுதான் ஓடச் சொன்னார். அன்றைக்குக் கொழுந்து நிறை குறைந்ததற்கு ஆபீசில் என்ன காரணம் எழுதுவது என்று கணக்கப்பிள்ளை வெகுநேரம் பேனாவைக் கடித்தார். மாமாவுக்கு மட்டும் பெருமை. "ராஜா பாட்டுக்கு எவளாச்சும் ஓடியிருக்காளா?"

வீட்டில் பாட்டுக் கேட்பது வேறு பாடு. குவைத்துக்குப் போய்வந்த ஒருவரிடம் வாங்கிய நேஷனல் பானசோனிக் டூ-இன்-வன். வயிற்றில் பெரிய பெட்டரிகள். அவை தளர்ந்தால் வெயிலில் காயவைப்பது கீழ்நாட்டு வழக்கம். வைகாசி பிறந்தால் ஆவணி வரை வெயிலையே பார்க்காத ஹட்டன் பக்கத்தில் அடுப்பங்கரைதான் சூரியன். "ரொட்டி சுட எடமில்ல, இவரு பெட்டரி சுடுறாரு" என்று அத்தை நாளெல்லாம் புகைவார். சுட்ட பெட்டரியும் அரைமணி நேரத்தில் தளரும். டேப் மெதுவாக ஓடத் தொடங்கும். வாணி ஜெயராம் தொடங்கிய பாட்டை மலேசியா வாசுதேவன் முடித்துவைப்பார். மாமா அந்த முடிவையும் ரசித்தார். அவசரமில்லாமல் பாடுகிறார்களாம்.

இலங்கை வானொலிக்கு அவர் போட்ட தபாலட்டைகள் ஏராளம். கே.எஸ். ராஜாவோ அப்துல் ஹமீதோ இசையமைப்பாளர் பெயரைச் சொல்லும்போது "சங்கர்-கணேஷ்" என்று வந்துவிட்டால், பக்கத்துக் காம்பராச் சுவரைக் கையால் தட்டுவார். காம்பராக்களுக்கு நடுவில் இருந்தது பாதிச் சுவர்தான் என்பதால் தட்டவே தேவையில்லை.

பிறகு ரெக்கோடிங் பார் காலம். டவுனுக்குப் போய் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்து, சம்பளம் போட்ட அடுத்த வாரம் கேசட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருதரம் கடைப்பையன் அன்பு மிகுதியில், "எடம் மிஞ்சிச்சுண்ணே, ரெண்டு ராஜா பாட்டு சும்மா போட்டிருக்கேன்" என்றிருக்கிறான். மாமா அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய், காசு கொடுத்து அந்த இரண்டையும் அழிப்பித்துக்கொண்டு வந்தார். அந்த வெறும் டேப்பையும் விடாமல் முழுக்கக் கேட்பார். அதில் அவருக்கு ஒரு திருப்தி.

அப்படிப் பதிந்த 'பாலைவனச் சோலை' கேசட்டில்தான் சின்னம்மா நுழைந்தார்.

1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அந்தக் கணக்கில் அம்மாவின் தங்கையும் ஒருத்தி. எண்பதுகளின் தொடக்கத்தில் தலைமன்னாரில் கப்பலேறி, கோத்தகிரிப் பக்கம் தமிழ்நாட்டு அரசின் தேயிலைத் தோட்டத்தில் போய் இறங்கினார். தாயகம் திரும்பினார் என்று பத்திரம் சொன்னது. அங்கே கொடுத்த வேலை அதே கொழுந்து. தங்கை பாட்டில்லாமல் தவிப்பாளே என்று மாமா தன் உயிரான கேசட்டைத் தபாலில் அனுப்பினார். கொஞ்ச மாதம் கழித்து அது திரும்பி வந்தது. கூட ஒரு கடிதம்: "அண்ணே, பேசி அனுப்பியிருக்கிறேன், கேட்கவும்."

எந்த இடத்தில் பேசினார் என்று எழுதவில்லை. முதல் பக்கம் முழுக்கத் தேடினோம். இரண்டாம் பக்கத்தில், 'மேகமே' பாட்டில், மாமா கண்ணை மூடுகிற சரியான இடத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு சின்னம்மா: "செவப்புப் பட்டன அமுக்குனியாடா? ஓடுதா? ... அண்ணே, நாங்க எல்லாரும் சொகம். ஆடு ரெண்டு குட்டி போட்டிருச்சு." நீளமாக ஒரு மௌனம். இருமல். வெளியே யாரோ "பால்!" என்று கூவும் சத்தம். மறுபடி 'டக்'. வாணி ஜெயராம் விட்ட இடத்துக்குச் சற்றுத் தள்ளி மீண்டும் பாடத் தொடங்குவார்.

மூன்று பக்கக் கடிதம் எழுதி மனப்பாடம் செய்துதான் பேச உட்கார்ந்தாராம். பட்டனைக் கண்டதும் மறந்துபோயிற்று. ஆடு மட்டும் நினைவில் நின்றது.

மாமாவுக்குக் கோபம் வரும் என்று எல்லாரும் அத்தை முகத்தைப் பார்த்தோம். அவர் டேப்பைப் பின்னுக்குச் சுற்றி மறுபடியும் போட்டார். அன்றிரவு எத்தனை தரம் அந்த ஆடு குட்டி போட்டது என்று கணக்கில்லை. நாளடைவில் லயத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் பாட்டு அப்படித்தான் பாடமாயிற்று: பல்லவி, சரணம், ஆடு, பால், சரணம். புதிதாகக் கேட்டவர்கள் இது 'ஆட்டுக்கார அலமேலு' பாட்டா என்று விசாரித்ததும் உண்டு. ராஜா கட்சிக்காரர்கள்கூட, பெரிய தோல்வியை ஒப்புக்கொள்கிற குரலில், "எங்காளு பாட்டுல ஆடு கெடையாது" என்றார்கள்.

இந்தக் கிறுக்கு எங்கள் மலைக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் கலை படித்த இரண்டு பையன்கள், மார்க் அல்மொண்டும் டேவ் போலும், சொஃப்ட் செல் என்று பெயர் வைத்துக்கொண்டு 1980இல் நாலு பாட்டுள்ள ஒரு சின்ன இசைத்தட்டைப் போட்டார்கள். முதல், டேவ் போலின் அம்மா கொடுத்த கடன். அடுத்த வருடமே 'டெய்ன்டட் லவ்' பிரித்தானியாவில் முதலிடம் பிடித்து, இருவரும் உலகத்துக்கே தெரிந்தவர்களானார்கள். ஆனாலும் பழைய ரசிகர்கள் அந்த அம்மா காசுத் தட்டைத்தான் இன்றும் தேடித்தேடி வாங்குகிறார்கள். அந்தச் சிந்தசைசர் அதில் எப்படிக் கரகரத்ததோ அப்படியே வேண்டும் அவர்களுக்கு. வெள்ளைக்காரர் செய்தால் இதற்குச் சேகரிப்பு என்று பெயர். மாமா செய்தபோது தோட்டத்து டாக்டரிடம் காட்டலாமா என்று பேசிக்கொண்டார்கள்.

கரண்ட் வந்தது, சீடி வந்தது, போன் வந்தது. மாமாவின் பேரன் யூடியூபில் பாட்டை எடுத்து, நல்ல ஹெட்போனாக வாங்கி அவர் காதில் மாட்டிவிட்டான். மாமா பொறுமையாகக் கேட்டார். நடுவில் ஒருமுறை முன்னால் குனிந்தார், எதையோ எதிர்பார்த்தவர் போல. பிறகு கழற்றிக் கொடுத்துவிட்டார்.

"நல்லா இல்லையா தாத்தா?"

"நல்லாத்தான் இருக்கு. வெட்டிட்டானுங்க."

சில வருடங்களுக்கு முன் சின்னம்மாவே விமானமேறி வந்தார். மாமா கட்டிலுக்கடியிலிருந்து பூஞ்சணம் பிடித்த கேசட்டை எடுத்து, பென்சில் விட்டுச் சுற்றிச் சரிசெய்து, சுற்றம் சூழப் போட்டுக் காட்டினார். எல்லாரும் சின்னம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தலையாட்டிக் கேட்டார். ஆடு வந்தது. பால் வந்தது. பாட்டு முடிந்ததும் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்: "யாரு அண்ணே அந்தப் பொம்பள? நல்ல பாட்ட நடுவுல கெடுத்துக்கிட்டு."

மாமா மகள்வழிப் பேத்தியின் கல்யாணம் ஹட்டனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வெள்ளவத்தை, அளந்து சிரிப்பவர்கள். மேடையில் ஓர் இசைக்குழு, பளபளவென்று இரண்டு கீபோர்ட். பாட வந்த பெண் 'மேகமே'யைத் தொடங்கியபோதே பெண் வீட்டு வரிசைகளில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. பல்லவி போயிற்று, சரணம் போயிற்று. கீபோர்ட்காரர் அந்த இடைச்சத்தத்தில் கைவைத்தார். மாமா கண்ணை மூடினார். அடுத்த நொடி, எவரும் கைகாட்டாமலே, நாலு வரிசைச் சொந்தங்களும் ஒரே குரலில்:

"ஆடு ரெண்டு குட்டி போட்டிருச்சு!"

கீபோர்ட் நின்றது. பாடுகிற பெண் மைக்கைக் கீழே இறக்கினாள். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், இது உங்கள் பக்கத்துச் சடங்கா என்று மெதுவாகக் கேட்டார். "நீ ஏன்யா நிப்பாட்டுன?" என்று மாமா கீபோர்ட்காரரைப் பார்த்துக் கையசைத்தார். "இன்னும் ஒரு ஆளு இருக்கு, இரு."

சாப்பாட்டுப் பந்திப் பக்கமிருந்து, கேசட் என்ற ஒன்றையே கண்ணால் பார்த்திராத ஒரு பொடியன் தொண்டை கிழியக் கத்தினான்:

"பால்!"