மேலிருந்து கீழ் பார்ப்பவர்

இவரை அடையாளம் காண்பது சுலபம். பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நிற்பவரிடம் "மணி என்ன சார்?" என்று கேளுங்கள். சாதாரண மனிதர் கடிகாரத்தைப் பார்ப்பார். இவர் ஆகாயத்தைப் பார்ப்பார். கோயிலில் அடிப்பது, மோதிரத்தில் பதிப்பது, கதிரில் முற்றுவது, தெருவுக்கு நாலு பேருக்கு வைத்திருக்கும் பெயர் என்று அந்த இரண்டெழுத்துக்குள் புகுந்து, சுற்றிப் பார்த்துவிட்டு அவர் வெளியே வருவதற்குள் பஸ் போயிருக்கும்.

இவர்தான் குறுக்கெழுத்துக்காரர். நாம் பேசுவது அவர் காதில் விழும். நாம் சொல்வது விழாது.

வயது பெரும்பாலும் அறுபதைத் தாண்டியிருக்கும். வங்கியிலோ தணிக்கை அலுவலகத்திலோ அடுத்தவர் போட்ட கூட்டலில் தப்புக் கண்டுபிடித்தே ஓய்வு பெற்றவராக இருப்பார். இளவட்டங்களிலும் இந்த இனம் உண்டு. அவர்கள் எல்லாவற்றையும் போனில் வைத்துக்கொள்வதால், காதலிக்கு மெசேஜ் அனுப்புகிறார்கள் என்று ஊர் நினைத்துக்கொள்கிறது.

காலையில் ஆங்கில 'இந்து' வாசலில் விழுந்ததும், கட்டங்கள் உள்ள தாள் மட்டும் உருவப்படும். எட்டாக மடிக்கப்படும். மிச்சப் பேப்பர் குடும்பத்துக்கு. அரசாங்கம் கவிழ்ந்த செய்தி அவரை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகே எட்டும். கட்டத்தைப் பேனாவால்தான் நிரப்புவார். பென்சில் எடுப்பது கோழைத்தனம். 1924-இல் அமெரிக்காவில் சைமன் அண்ட் ஷுஸ்டர் கம்பெனி முதல் குறுக்கெழுத்துப் புத்தகத்தை வெளியிட்டபோது, ஒவ்வொரு பிரதியோடும் ஒரு பென்சிலையும் இணைத்துக் கொடுத்ததாம். அமெரிக்காவின் வீழ்ச்சி அன்றே ஆரம்பித்துவிட்டது என்பது அவர் கட்சி.

இப்படி ஏதாவது சொல்லி நாம் சிரித்துவிட்டால் போச்சு, வம்ச வரலாறு தொடங்கிவிடும். லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின், 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையில் வைர வடிவத்தில் ஒரு கட்டம் போட்டார். குறுக்கெழுத்துக்கு அதுதான் பிறந்த நாள். ஆனால் பிதாமகர் மீது நம்மவருக்கு அத்தனை மரியாதை கிடையாது. "அவர் அர்த்தத்தைக் கேட்டார், அவ்வளவுதான். அர்த்தத்தை ஒளித்து வைத்தவன் இங்கிலீஷ்காரன்" என்பார். 1926 முதல் லண்டன் 'அப்சர்வர்' பத்திரிகையில் புதிர் போட்டவர் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் டார்க்குமாடா. ஸ்பெயினில் மத விசாரணை என்ற பெயரில் ஊரையே நடுங்க வைத்தவரின் பெயர் அது. அவருக்குப் பின் வந்தவர் சிமெனஸ். அதுவும் ஒரு விசாரணை அதிகாரியின் பெயர்தான். இந்த சிமெனஸ் 1966-இல் புத்தகமே எழுதி, குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று சட்டம் வகுத்தார். வாசகனை எவ்வளவு வேண்டுமானாலும் ஏமாற்றலாம், ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லக் கூடாது என்பது அதன் சாரம். "நம்ம கட்சிக்காரங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கணும்" என்று நம்மவர் அபிப்பிராயப்படுவார்.

வரலாற்றின் உச்சக்கட்டம் 1942 ஜனவரி. 'டெய்லி டெலிகிராஃப்' பத்திரிகை தன் அலுவலகத்துக்கே ஆட்களை வரவழைத்து, 12 நிமிடத்துக்குள் புதிரை முடிக்கிறீர்களா பார்க்கலாம் என்றது. கலந்துகொண்ட சிலருக்குக் கொஞ்ச நாளில் ராணுவத்திலிருந்து கடிதம் வந்தது. ஜெர்மானியரின் சங்கேதங்களை உடைத்துக்கொண்டிருந்த பிளெட்ச்லி பார்க்கில் வேலை! "இப்படித்தான் நாங்க ஹிட்லரைத் தோற்கடிச்சோம்" என்று நம்மவர் முடிப்பார். அப்போது அவர் பிறக்கவே இல்லை என்பதை நாகரிகம் கருதி யாரும் எடுத்துச் சொல்வதில்லை. அந்தப் போட்டியில் எல்லோருக்கும் முன்னால் முடித்தவர், ஒரு சொல்லில் எழுத்துப் பிழை விட்டதால் தகுதி இழந்தார். இந்த இடம் வரும்போது அவர் குரல் தழுதழுக்கும். மகனுடைய கல்யாணப் பத்திரிகையில் ஓர் ஒற்று விடுபட்டிருந்ததைக் கண்டபோதும் இதே தழுதழுப்பைக் கேட்டதாக உறவினர்கள் சொல்கிறார்கள்.

தமிழ் வார இதழ்களின் குறுக்கெழுத்தைத் திண்ணையில் யாராவது போட்டுக்கொண்டிருந்தால், அவர்களை இடமிருந்து வலம் பார்க்க மாட்டார்; மேலிருந்து கீழ்தான் பார்ப்பார். "'சமையலுக்கு உதவும் காய், நாலெழுத்து.' இது புதிரா, காய்கறிக்கடைச் சீட்டா?" என்பார். வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றெல்லாம் எழுத வைப்பதும், அப்படியும் கட்டத்தில் அடங்காத சொல்லுக்கு 'குழம்பியுள்ளது', 'வால் இல்லை' என்று அடைப்புக்குறிக்குள் வாக்குமூலம் கொடுப்பதும் அவருக்கு ஆகவே ஆகாது. குழப்புவதைக் குறிப்புக்குள்ளேயே, குழப்புவது தெரியாமல் குழப்ப வேண்டும் என்பது கொள்கை.

கலிபோர்னியாவிலிருந்து வரும் 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் தமிழிலேயே அந்த மாதிரிப் புதிர்களை அமைத்து வந்திருக்கிறார் என்று தெரிந்த நாளிலிருந்து, நம்மவருக்கும் கை அரிக்கத் தொடங்கியது. நிரப்பியது போதும், இனி நாமே போடுவோம் என்று இறங்கிவிட்டார். சரக்குக்கா பஞ்சம்? பாம்பையும் எலுமிச்சம்பழத்தையும், வைக்கோலையும் யானையையும் ஒரே வெண்பாவில் உட்கார வைத்த காளமேகம் நம் ஊர்க்காரர். சொல்லை உடைக்காமலே இரண்டு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை, உடைத்தால் பிரிமொழிச் சிலேடை என்று தண்டியலங்காரம் எப்போதோ பாகம் பிரித்துக் கொடுத்துவிட்டது.

அவருடைய பட்டறையில் தயாரான சரக்கு ஒன்று: "பெருமாளைச் சேவிக்கும் பொழுது கழுத்தில் விழுவது (2)". படித்தால் கோயில் காட்சி. கோயிலை மறந்துவிட்டு வார்த்தையைப் பாருங்கள். மால் என்றால் பெருமாள். பெருமாளை என்றால் மாலை. 'பொழுது' என்பதைத் தனியே நிறுத்தினால் அந்திப் பொழுது, அதுவும் மாலை. கழுத்தில் விழுவது இன்னொரு மாலை. உடைத்தது ஒன்று, உடைக்காதது இரண்டு. தண்டியலங்காரத்தின் இரண்டு பிரிவும் இரண்டே கட்டத்தில். இதைப் போட்டுவிட்டு அன்று முழுவதும் அவர் யாரோடும் பேசவில்லை. பேச வேண்டிய தேவை இருந்ததாகவும் தெரியவில்லை.

எழுத்துகளைக் கலைத்துப் போடும் வித்தையில்தான் தமிழ் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆங்கிலத்தில் உயிரும் மெய்யும் தனித்தனியே நிற்பதால் இஷ்டத்துக்குக் குலுக்கலாம். நம்மிடம் 247 எழுத்து இருந்தும், உயிர்மெய்யாக ஒட்டிப் பிறந்துவிடுவதால் குலுக்கினால் பெரும்பாலும் குப்பைதான் தேறும். அபூர்வமாக ஒன்று அமையும்: "குழம்பி விதைக, பாட்டு முளைக்கும் (3)". விதைக என்ற மூன்றெழுத்தையும் குழப்பினால் கவிதை. புதுக்கவிதை பற்றிய விமரிசனம் என்று நினைத்து ஒரு கவிஞர் இவரிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

குலுக்கலில் விட்டதைப் புணர்ச்சியில் பிடிக்கலாம். "முருகனிடமும் அரசாங்கத்திடமும் கேட்டு வாங்குவது கஷ்டம் (2)". விடை, வேலை. ஆனால் முருகனிடம் 'வேலைக் கேட்க' வேண்டும், ஒற்று மிகும். அரசாங்கத்திடம் 'வேலை கேட்க' வேண்டும், மிகாது. விடை கட்டத்துக்குள் தனியாக நிற்பதால் தப்பித்தது என்றாலும், இந்தக் 'க்' விவகாரம் அவரை இரண்டு நாள் தூங்க விடவில்லை. வீட்டில் ரத்தக் கொதிப்பு மாத்திரையைத் தேடினார்கள்.

கல்யாண வீட்டுச் சிலேடைச் சிங்கத்தோடு இவரைச் சேர்த்து எண்ணிவிடாதீர்கள். அந்தச் சிங்கத்துக்குத் தான் கி.வா.ஜகந்நாதனின் நேர் வாரிசு என்று நினைப்பு. பந்தியில் "மாமி யார்னு கேட்டா, மாமியார்ங்கறாங்க!" என்பார், நமக்கு முன்னால் தானே சிரிப்பார், சிரிக்காதவர்களுக்கு விளக்கமும் சொல்வார். இருவரும் உடைப்பது சொல்லைத்தான். சிங்கம் தேங்காயை உடைத்து மூடியை நம் தட்டில் வைத்துவிடும். நம்மவர் முழுத் தேங்காயை உருட்டிவிட்டு, நாம் எங்கே தட்டுகிறோம் என்று பார்த்துக்கொண்டிருப்பார். சிங்கத்துக்குக் கைதட்டல் வேண்டும். இவருக்குத் தோல்வி வேண்டும். ஆம், புதிர் போடுகிறவன் கடைசியில் தோற்றே ஆக வேண்டும். யாராலும் விடுவிக்க முடியாத புதிர் புதிரே அல்ல, வெறும் ரகசியம். எதிராளியை அரை மணி நேரம் தவிக்கவிட்டு, "அட, இதுவா!" என்று அவன் நெற்றியில் அடித்துக்கொள்ளும் நேரம் பார்த்துத் தோற்க வேண்டும். அந்த அடி விழும் சத்தத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

என்ன செய்வது, வீட்டில் அடித்துக்கொள்ள ஆள் இல்லை. மனைவி ஆரம்ப காலத்திலேயே, "எதுவா இருந்தாலும் நேரா சொல்லுங்க" என்று தெளிவாக்கிவிட்டார். மகனுக்கு நேரமில்லை. மிஞ்சியது புதிதாக வந்த மருமகள். வந்த வாரத்திலேயே இட்லி சாப்பிடும்போது அவள் முகத்தைப் பார்த்து, "மகள் முகத்தில் மரு. ஆனாலும் வேறு வீட்டிலிருந்து வந்தவள். அஞ்செழுத்து" என்றார். அந்தப் பெண் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டது. பிறகு எழுந்துபோய்க் கண்ணாடியிலும் பார்த்தது. 'மகள்' என்ற சொல்லின் முகப்பில் 'மரு' வந்தால் மருமகள் என்று அவர் விளக்கியபோது சாம்பார் ஆறிவிட்டிருந்தது. "மாமா ஏதோ பாசமாத்தான் சொல்லியிருக்கார்" என்று மாமியார் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று.

அந்தப் பெண் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. தினமும் காபி கொடுக்கும் சாக்கில் பின்னால் நின்று கட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபி டம்ளருக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது:

"யாழ்ப்பாணத்தில் மாமன் யார்? காலையில் பேப்பரைக் கையை விட்டு இறக்காதவர் (4)".

நம்மவர் முகம் மலர்ந்தது. மேலிருந்து கீழ் ஒரு பார்வை. "பச்சைக் குழந்தைக்கான குறிப்பும்மா இது. ஆறுமுக நாவலர்! யாழ்ப்பாணம் நல்லூர்க்காரர். சொந்தமா அச்சுக்கூடம் நடத்தினவர், கையில் பேப்பர் இல்லாம இருக்குமா? நாவலர், நாலெழுத்து!"

"சரி மாமா. அதுல மாமன் எங்கே வர்றார்?"

காபி ஆறியது. சங்கிலி மன்னனுக்கு மாமன் உண்டா என்று அலமாரியில் தேடினார். பேப்பர் என்றால் பத்திரம், பத்திரம் என்றால் இலை என்று நிகண்டு வரைக்கும் போனார். மத்தியானத் தூக்கத்தைத் துறந்தார். சாயங்காலம் அரிசி களைந்துகொண்டிருந்த மனைவி சீட்டை வாங்கி இரண்டாவது பாதியை மட்டும் படித்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு நேரம்? உங்களைத்தான் சொல்றா" என்றார்.

யாழ்ப்பாணத்தில் யாரை 'ஆர்' என்பார்கள். மாமன் ஆர்? மாமனார்.

அவர் நெற்றியில் அடித்துக்கொள்ளவில்லை. கை பாதி வழி வரை போய் நின்றுகொண்டது. "வட்டார வழக்கை முன்னறிவிப்பு இல்லாம நுழைச்சா அது நேர்மையில்லைம்மா. சிமெனஸ் ஒத்துக்க மாட்டார்."

"முதல் வார்த்தையே யாழ்ப்பாணம்தானே மாமா?"

"அது சரி. ஆனா விளக்கத்தில தகவல் பிழை இருக்கு. நான் எங்கே பேப்பரைக் கையை விட்டு இறக்காம இருக்கேன்?" என்று கேட்டார், எட்டாக மடித்த தாளை அவள் முகத்துக்கு நேரே ஆட்டியபடி.